மிதிவண்டி உடைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை வாயிலில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்பவர்கள் இருவகை மக்களைக் காணலாம். ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலை நோக்கி வேட்டியும் துண்டுமாக நடப்பவர்கள் ஒரு வகையினர். தெருவிளக்கின் அடியில் மிதிவண்டிகளை நிறுத்திக்கொண்டு, உடலோடு ஒட்டிய உடையும் தலைக்கவசமும் அணிந்து, துணைவர்களின் வரவுக்காகக் காத்திருப்பவர்கள் மற்றொரு வகையினர். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள் நாங்கள்.

எங்களுள் பெரும்பாலோர், கோட்டை வாயிலிலிருந்து கிழக்கே கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியையும் அதன் பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் அமைத்த கடைவீதி அது. அங்கே இன்றும் தமிழ் ஒலி கேட்காத நாள் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. எங்கள் பெரியோர்களோ இருந்த இடத்திலேயே இருந்து பிற மாநிலத் தமிழர் ஆயினர். ஆதலின், வேறு மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களோடு எங்கள் அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் எங்களோடு சேர்ந்தார். வள்ளியூர்ப் பக்கத்தவர்; கடைவீதியில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர்; ஊதியத்தின் பெரும்பகுதியை மாதந்தோறும் ஊருக்கு அனுப்புபவர். பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கித் தாமே பழுதுபார்த்து வைத்திருந்தார். இரண்டு வாரங்கள் வந்தார். மூன்றாம் வாரம் வரவில்லை. நான்காம் வாரமும் வரவில்லை. கடைக்குச் சென்று காரணம் வினவியபோது, முதலில் வேலை மிகுதி என்றார். சற்று நேரம் கழித்து, “அண்ணாச்சி, நீங்கள் எல்லாரும் பேசிக்கொள்கிற காற்சட்டையின் விலை, எனக்கு ஒரு மாதச் சம்பளம். அது இல்லாமல் உங்களோடு வருவது சரியாகப் படவில்லை” என்றார்.

அதைக் கேட்டு நாங்கள் வெட்கமுற்றோம். முந்திய வாரங்களில் எங்களுள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த 18,000 ரூபாய்க் காற்சட்டையைப் பற்றி வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தது உண்மை. உடல் நலத்துக்கும் நட்புக்கும் என்று கூடிய கூட்டத்தில், உடையைப் பற்றிய பேச்சு ஒருவரை வெளியே நிறுத்திவிட்டது. ஆயினும் வெட்கப்பட்டதனால் மட்டும் வினா தீர்ந்துவிடுவதில்லை. உயர்ந்த விலை கொடுத்து வாங்கும் மிதிவண்டி உடை உண்மையிலேயே அவ்விலைக்குத் தகுமா? தகும் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தகாது என்றால் அதையும் அவ்வாறே சொல்லவேண்டும். இந்நோக்கத்தோடு நாங்கள் ஆராய்ந்து அறிந்தவற்றை இங்கே விளக்குவோம்.

முதற்கண், மிதிவண்டி ஓட்டுபவருக்குத் தனி உடை எதற்காக என்பதைப் பார்ப்போம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்ற காலத்தில், நம் ஊர்களில் மிதிவண்டிக்கென்று தனி உடை எவரும் தேடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்காரர் சென்றார். காக்கி உடையில் அஞ்சற்காரர் சென்றார். அவர்களுடைய வண்டிகளில் இருக்கை அகலமானது. அடியில் வில்கம்பிகள் இருந்தன. முதுகை நிமிர்த்தி உட்கார முடிந்தது. நான்கைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் சென்று திரும்புபவருக்கு இன்றும் தனி உடை வேண்டியதில்லை. குறுகிய இருக்கையில், முன்னோக்கிக் குனிந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது மிதிப்பவருக்கே அது தேவையாகிறது.

அத்தேவை நான்கு வகைப்படும். உட்காரும் இடத்தைக் காப்பது ஒன்று; வியர்வையைப் போக்குவது இரண்டு; காற்றின் தடையைக் குறைப்பது மூன்று; பிறர் கண்ணுக்கு நம்மைப் புலப்படுத்துவது நான்கு. விலை தகுமா என்ற வினாவை இந்நான்கினுக்கும் தனித்தனியே கேட்டால்தான் தெளிவு பிறக்கும்.

உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். மிதிவண்டியில் அமரும்போது உடலின் எடையில் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடிப்பகுதியிலுள்ள இரண்டு முனைகள் தாங்குகின்றன. ஒரு நிமிடத்துக்கு 80 முறை மிதிக்கிறோம் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 4,800 முறை தொடையின் உட்புறம் இருக்கையோடு உராய்கிறது. வியர்வையால் தோல் ஊறி மென்மையாகிவிடுகிறது. ஊறிய தோல் விரைவில் கிழிகிறது. மயிர்க்கால்களில் கிருமிகள் புகுந்து கொப்புளமும் கட்டியும் உண்டாகின்றன. நெடுந்தொலைவு செல்பவர்கள் இருக்கைப் புண் என்று அஞ்சுவது இதனைத்தான்.

இதற்கு மாற்றாக ஐரோப்பியப் பந்தய வீரர்கள் முற்காலத்தில் கம்பளி நூலால் பின்னிய காற்சட்டையின் உட்புறத்தில் மெல்லிய தோல் ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆல்ப்ஸ் மலையில் வாழும் சாமுவா என்னும் விலங்கின் தோல் அது. துவைத்து உலர்த்தினால் அத்தோல் விறைத்துவிடும்; மீண்டும் அதை மென்மையாக்கக் களிம்பு தடவவேண்டும். மழையில் நனைந்தால் கம்பளி கனத்துத் தொங்கும். 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் ஜோசப் ஷைவர்ஸ், இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் எலாஸ்டேன் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்ற வணிகப் பெயரால் நாம் அறிந்த இழை இதுவே. 1970களில் ஸ்விட்சர்லாந்து, இத்தாலி நாடுகளின் நிறுவனங்கள் இதனைக் காற்சட்டைக்குப் பயன்படுத்தின. பின்னர்த் தோல் போய், நுரைப்பொருளாலான திண்டு அவ்விடத்தைப் பெற்றது.

இன்றைய காற்சட்டையின் உயிர் இத்திண்டுதான். நல்ல திண்டு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இராது. எலும்பு முனை படும் இடத்தில் நெருக்கமான நுரையும், விளிம்பில் மெல்லிய நுரையும் அமைந்திருக்கும். கனமாக இருப்பதே நன்று என்று எண்ணுவது தவறு. மிகவும் தடித்து மிருதுவாக உள்ள திண்டு அரை மணி நேரம் இன்பம் தரும். அதற்குமேல் நசுங்கி, எலும்பு இருக்கையைத் தொட்டுவிடும். பெண்களுக்கு எலும்பு முனைகளின் இடைவெளி பொதுவாக அகன்றிருப்பதால், அவர்களுக்கென்று வடிவமைத்த திண்டே ஏற்றது. ஆடவர் காற்சட்டையின் சிறிய அளவை வாங்கிச் சமாளிப்பது துன்பத்தில் முடியும்.

இவ்விடத்தில் செலவிடும் பணம் வீண் அன்று. எங்களுள் ஒருவர் மிகமிகக் குறைந்த விலைக்கு வாங்கிய காற்சட்டையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டுமுன் திண்டு மடிந்து ஒருபுறம் ஒதுங்கிவிட்டது. அவர் வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் வண்டி ஏறவில்லை. ஆயினும் மற்றோர் உண்மையும் உண்டு. திண்டுகளைச் செய்வது தனித் தொழில். இத்தாலியின் எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ் போன்ற திண்டு நிறுவனங்கள் பல்வேறு முத்திரைகளுக்குத் திண்டுகளை வழங்குகின்றன. ஆகவே வேறு வேறு பெயரும் விலையும் உடைய இரண்டு காற்சட்டைகளின் உள்ளே ஒரே தொழிற்சாலையில் பிறந்த திண்டுகள் இருப்பது வியப்பன்று.

இனி வியர்வையைப் பற்றிக் கூறுவோம். உடல் தன் வெப்பத்தைத் தணிப்பது வியர்வை சுரப்பதனால் அன்று. சுரந்த வியர்வை ஆவியாவதனால். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் அந்நன்மை இல்லை. கடற்கரையை அடுத்த திருவனந்தபுரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

உடையின் இழை இங்கே வேறுபாட்டை உண்டாக்குகிறது. வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். அதே எடையுள்ள பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட ஏற்பதில்லை. இழைக்குள் நீர் புகாததால், பாலியெஸ்டர் பின்னலில் வியர்வை இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகப் பரவி வெளிப்புறம் வந்து காய்கிறது. திரி எண்ணெயை ஈர்ப்பது போன்ற செயல் இது. தடித்த பருத்திப் பனியனோ நீரைக் குடித்துக் கனத்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் பருத்தியே தீது என்று முடிவு செய்துவிடலாகாது. எங்கள் ஞாயிற்றுப் பயணம் பெரும்பாலும் கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் பாலராமபுரத்தைத் தொட்டுத் திரும்பும். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் (1798–1810) காலத்தில் தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் என்னும் நெசவாளர் குடியேறிய ஊர் அது. அப்பகுதிக் கைத்தறிகள் நெய்யும், இங்கே தோர்த்து என வழங்கும் மெல்லிய துண்டை நோக்குங்கள். அதுவும் பருத்திதான். ஆயினும் நெசவு நெருக்கமின்றி இருப்பதால், அடைமழைக் காலத்திலும் அது மற்றத் துண்டுகளுக்கு முன் உலர்ந்துவிடுகிறது. துணியின் தன்மையை இழை மட்டும் அறுதியிடுவதில்லை. நெசவும் கனமும் சேர்ந்தே அறுதியிடுகின்றன என்பதை இந்நாட்டு மக்கள் நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறார்கள்.

மேலாடையைப் பொறுத்தவரை இவ்வறிவே போதுமானது. வியர்வையைப் பரப்பும் மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் இன்று எல்லா விலையிலும் கிடைக்கிறது. அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. 2024–25ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பின்னலாடைகளை ஏற்றுமதி செய்த திருப்பூர், பெரும்பாலும் பருத்தியையே நம்பி வளர்ந்த ஊராயினும், செயற்கை இழை ஆடைகளையும் செய்கிறது. 500 அல்லது 800 ரூபாய் மேலாடைக்கும் 9,000 ரூபாய் மேலாடைக்கும், நம் ஈரக் காற்றில், வியர்வையைப் போக்குவதில் பெரிய வேறுபாட்டை நாங்கள் காணவில்லை. முதுகுப்புறப் பைகளின் அமைப்பிலும் தையலின் நேர்த்தியிலும் வேறுபாடு கண்டோம். அவ்வளவே.

மூன்றாவது, காற்றின் தடை. விலை உயர்ந்த உடைகளின் விளம்பரங்கள் இதனையே மிகுதியாகப் பேசுகின்றன. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவையான ஆற்றல் விரைவின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவர் 40 கிலோமீட்டரில் செல்ல விரும்பினால், காற்றை வெல்வதற்கு மட்டும் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 40 கிலோமீட்டருக்கு மேல் பாயும் பந்தய வீரருக்கு, தோளில் ஒரு மடிப்புக் குறைவதும் நொடிகளைத் தரும். 2015இல் கேரளத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது காரியவட்டம் ஓடுபாதையில் போட்டியிட்ட வீரர்களுக்கு அத்தகைய உடை ஒரு தொழிற்கருவி. சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டரில் செல்லும் நமக்கு அது கருவி அன்று. சட்டை படபடக்காத அளவுக்கு உடலோடு பொருந்தினாற் போதும்.

பந்தய வீரர்களைச் சுட்டி விற்பனை செய்யும்போது நாம் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். 2004இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ரஃபா என்ற நிறுவனம், விலை உயர்ந்த மிதிவண்டி உடைகளுக்குப் பெயர் பெற்றது. பிரிட்டனின் ஸ்கை அணிக்கு 2013 முதல் 2016 வரை அது உடை வழங்கியது. அதற்குமுன் அடிடாஸ் வழங்கியது. 2017 முதல் இத்தாலியின் காஸ்டெல்லி வழங்கியது. பிரான்ஸ் நாட்டைச் சுற்றி வரும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இவ்வணியின் வீரர்கள் 2012இலும், 2013இலும், 2015 முதல் 2018 வரை ஆண்டுதோறும் முதலிடம் பெற்றார்கள். உடை இரண்டு முறை மாறியது, வெற்றி மாறவில்லை. அன்றியும், அப்பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் அளிக்கப்படும் மஞ்சள் மேலாடையைப் பந்தயக் குழுவினரே தருகிறார்கள். அவ்வாண்டுகளில் அதனைத் தயாரித்தது பிரான்சின் லெ கோக் ஸ்போர்டிஃப் என்ற வேறொரு நிறுவனம். வென்றவர் தம் அணியின் மேலாடையைக் கழற்றிவிட்டே வெற்றி மேலாடையை அணிந்தார் என்றால், வெற்றி எங்கிருந்து வந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நான்காவது, பிறர் கண்ணுக்குப் புலப்படுதல். உயிரோடு தொடர்புடையது இதுவே. ஆனால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வெளிர் மஞ்சள், செம்மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறங்கள் பகலில் தொலைவிலிருந்தே தெரியும். இரவிலும் விடியலிலும் நிறம் உதவாது. விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளே உதவும். அப்பட்டைகளைக் கணுக்காலில் கட்டினால், அவை மேலும் கீழும் அசைவதைக் கண்டு பின்னால் வருபவர் மிதிவண்டி என்று உடனே உணர்வார். முன்புற வெள்ளை விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் இவற்றினும் முதன்மையானவை. விலை உயர்ந்த உடைகளுட் பல கருமை, கருநீலம் ஆகிய நிறங்களில் வருகின்றன. அழகுதான், ஆனால் தெருவிளக்கில்லாத நெடுஞ்சாலையில் அவ்வழகை லாரி ஓட்டுநர் காணமாட்டார்.

இவ்வளவும் அறிந்தபின், நாங்கள் அந்த 18,000 ரூபாய்க் காற்சட்டையையும், 2,400 ரூபாய்க் காற்சட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவ்விளைஞரின் கடைக்குச் சென்றோம். துணியோடு வாழ்பவரிடம் துணியைக் காட்டாமல், எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோமே என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. இரண்டையும் உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் பலகைமேல் விரித்தார். “வெளிப்புறம் விற்பதற்கு அண்ணாச்சி, உள்புறம்தான் உடுத்துவதற்கு” என்றார். பின்னர் அவர் செய்த சோதனைகளை அன்பர்கள் எக்கடையிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் தையலை விரலால் வருடினார். இரண்டு துணிகள் மேடு தட்டாமல் தட்டையாக இணைந்திருக்கவேண்டும். தொடையின் உட்புறத்தில் தையல் இல்லாதிருப்பது இன்னும் நன்று. அடுத்துத் துணியை இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இழுத்தபோது ஊடே கை தெரிந்தால், குனிந்து மிதிக்கும்போது பின்னால் வருபவருக்கு உடலும் தெரியும். வெயிலும் உள்ளே புகும். விட்டவுடன் துணி சுருக்கமின்றித் தன் அளவுக்குத் திரும்புகிறதா என்று நோக்கினார். திண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அது எவ்வளவு விரைவில் எழுகிறது என்று பார்த்தார். திண்டின் விளிம்பு துணியோடு நன்கு தைக்கப்பட்டிருக்கிறதா, ஒட்டு மட்டும் போடப்பட்டிருக்கிறதா என்று உரித்துப் பார்த்தார். இறுதியில் தொடைப்பட்டையை நோக்கினார். அகன்ற பட்டை தொடையை மெல்லப் பிடிக்கும். குறுகிய இரப்பர்ப் பட்டை தொடையை வெட்டும்.

முடிவில் அவர் சொன்னது இது: விலை உயர்ந்ததன் தையல் சிறந்தது, துணியும் நயமானது, உடலின் வளைவுக்கேற்பப் பல துண்டுகளாக வெட்டி இணைத்திருக்கிறார்கள். மற்றதன் திண்டில் குறை இல்லை. தொடைப்பட்டை சற்று இறுக்கம். துணி கொஞ்சம் முரடு. “ஒன்று நன்றாக இருக்கிறது, மற்றது மிக நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழரை மடங்கு நன்றாக இல்லை” என்றார். நூலறிவு கொண்டு நாங்கள் தேடிய விடையை, அவர் விரலறிவு கொண்டு சொல்லிவிட்டார்.

ஏழரை மடங்கு என்பது வெறும் பேச்சு அன்று, கணக்கிட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று முறை, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முறை மிதிவண்டி ஓட்டுபவருக்கு 2,400 ரூபாய்க் காற்சட்டை ஓராண்டுதான் உழைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு 16 ரூபாய் ஆகிறது. 18,000 ரூபாய்க் காற்சட்டையால் இதே செலவில் உழைக்கவேண்டுமானால் 1,125 பயணங்களுக்கு, அதாவது ஏழரை ஆண்டுகளுக்கு அது நிலைக்கவேண்டும். எலாஸ்டேன் இழை வியர்வையாலும் வெயிலாலும் ஆண்டுதோறும் தளர்வது. நுரையும் நாளடைவில் நசுங்குவது. எம்முத்திரைக் காற்சட்டையும் ஏழரை ஆண்டு இவ்வுழைப்பைத் தாங்கும் என்று நாங்கள் நம்பவில்லை. மூன்று ஆண்டுகள் உழைத்தாலும் ஒரு பயணத்துக்கு 40 ரூபாய் ஆகிறது.

விலையில் வேறு கூறுகளும் கலந்துள்ளன. இறக்குமதி உடைக்குச் சுங்கவரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு உட்பட்ட உடைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு. 18,000 ரூபாய் மதிப்புள்ள உடைக்கு இவ்வரி மட்டும் 3,240 ரூபாய். அவ்வரித் தொகையைக் கொண்டே தக்கதொரு காற்சட்டை வாங்கிவிடலாம். இவையன்றி விளம்பரம், அணிகளுக்கு அளிக்கும் ஆதரவு, அழகிய கடை ஆகியவற்றின் செலவும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. விலை உயர்ந்த முத்திரைகளுட் சில, கிழிந்த உடையைத் தைத்துத் தரும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. போற்றத்தக்க வழக்கம் அது. ஆனால் உடையைக் கடல் கடந்து அனுப்பிப் பெறும் செலவையும் நாம் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பொருளியல் அறிஞர் கூறும் குறைந்து செல் விளைவு விதி இங்கே நன்கு பொருந்துகிறது. 500 ரூபாய்க் காற்சட்டையிலிருந்து 2,500 ரூபாய்க் காற்சட்டைக்கு ஏறும்போது பெறும் நன்மை பெரிது. புண்ணுக்கும் நலத்துக்கும் உள்ள வேறுபாடு அது. அங்கிருந்து 6,000 ரூபாய்க்கு ஏறும்போது சிறிது நன்மை உண்டு. நாள் முழுவதும் ஓட்டுபவர் அதனை உணர்வார். அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் நயத்துக்கும் பெயருக்குமே. வசதியுள்ளவர் நயத்தை விரும்பி வாங்குவது குற்றம் அன்று. பட்டு வேட்டி உடுத்துபவரை நாம் குறை கூறுவதில்லை. ஆனால் பட்டு வேட்டி இல்லாதவரைப் பந்தியில் உட்காராதே என்று சொல்வதும் இல்லை.

இருவருக்கு மட்டும் உயர்ந்த விலை தகும் என்போம். ஒருவர், வெற்றி தோல்வி நொடிகளால் அறுதியாகும் பந்தய வீரர். மற்றவர், 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பயணங்களை அடிக்கடி மேற்கொள்பவர். அல்லது பொதுவான அளவுகள் உடலுக்குப் பொருந்தாதவர். இவர்களும் முதலில் இருக்கையின் உயரத்தையும் சாய்வையும் சரிசெய்துகொள்ளவேண்டும். தவறாக வைத்த இருக்கையின் துன்பத்தை எந்த விலை உடையும் மாற்றாது. அதனைச் சரிசெய்ய வேண்டுவது ஒரு திருகு சாவியும் கால் மணி நேரமுமே.

உடையைப் பேணும் முறை விலையைவிட முதன்மையானது. திண்டு வைத்த காற்சட்டைக்குள் வேறு உள்ளாடை அணியலாகாது. அதன் தையலே தோலை அறுத்துவிடும். பயணம் முடிந்தவுடன் உடையை மாற்றிக் குளிக்கவேண்டும். ஈரக் காற்சட்டையோடு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதே பல புண்களுக்குக் காரணம். இதை அனுபவத்தால் சொல்கிறோம். உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் சோப்பிட்டு அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைகளின்மேல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுப்பதால் அவற்றை விலக்கவேண்டும். விலை உயர்ந்த ஒன்றைவிடத் தக்கவை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உடுத்துவது, எதுவும் எளிதில் உலராத மழைக்காலத்தில் மிகவும் உதவும்.

வேறு தட்பவெப்பத்தில் வாழும் அன்பர்கள் சிறு மாற்றம் செய்துகொள்ளலாம். தில்லியின் குளிர்காலத்தில் ஒரே தடித்த உடையைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று. உடல் சூடேறியதும் ஒன்றைக் கழற்றலாம். வறண்ட காற்றுள்ள ஊர்களில் மெல்லிய பருத்திச் சட்டையே இனிது. கடும் வெயிலில் செல்பவர்கள் முழுக்கை அணியவேண்டும். உடையில் யு.பி.எஃப். 50 என்று குறித்திருந்தால், புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஊடே செல்லும் என்பது பொருள். இடமும் காலமும் நோக்கி வாங்குவதே அறிவுடைமை.

அவ்விளைஞர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். தம் கணக்கிலேயே ஒரு காற்சட்டை வாங்கியிருந்தார். மேலே வெளிர் மஞ்சள் பனியன். கணுக்கால்களில் ஒளிப்பட்டை கட்டியிருந்தார். பாலராமபுரம் வரை சென்று திரும்பும்போது எங்களுள் சிலருக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. வழியில் உடையின் விலையைப் பற்றி எவரும் பேசவில்லை.

புதிதாக மிதிவண்டி வாங்கும் அன்பர் ஒவ்வொருவருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே. இருக்கையைத் தொடும் உடைக்குத் தக்க பணம் கொடுங்கள். கண்ணில் படும் உடைக்கு நிறத்தைப் பார்த்துக் கொடுங்கள். பெயருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். உங்களோடு வருபவர் எதை உடுத்தியிருக்கிறார் என்பதைமட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். வெளியூரில் வாழும் நமக்கு, விடியலில் உடன் வர ஒருவர் கிடைப்பது அரிது. உடையின் பொருட்டு அவரை இழந்துவிடலாகாது.